ஜமீன் நிற்கும் லேபிள்

காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். எங்கள் வீட்டில் பாலில் தண்ணீர் கலப்பதில்லை. பட்டாசு கிஃப்ட் பாக்ஸில் மட்டும்தான் கொஞ்சம் காற்று கலப்போம். அடியில் அட்டையை மடித்துக் கொடுத்து, மேலே நாலு புஸ்வாணத்தையும் ரெண்டு சரத்தையும் பரப்பினால் பெட்டி உப்பி நிற்கும். உப்பி நிற்கிற பெட்டியைத்தான் ஏஜென்ட் கையில் எடுப்பான். இதெல்லாம் தொழில்.

என் மகள் சுகிர்தா உங்களிடம் கொடுத்த புகாரில் பொய் ஒன்றும் இல்லை. நாய் செத்தது என்னால்தான். ஏன் என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நானே சொல்கிறேன்.

ஜமீன் கிரேட் டேன் சாதி நாய். கன்றுக்குட்டி உயரம் இருப்பான். ராஜபாளையம் நாய் பக்கத்திலேயே கிடைக்கும்தான், பக்கத்தில் கிடைப்பதை வளர்த்தால் யார் மதிப்பார்கள்? சுகிர்தா கல்லூரி விட்டு வந்ததும் அவள் தோளில் முன்னங்காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்பான். அவள் வைத்தால்தான் சாப்பிடுவான். எனக்கும் அவன் மேல் பாசம்தான். இல்லாவிட்டால் லேபிளில் போடுவேனா? எங்கள் ஊரில் பெற்ற பிள்ளை படத்தைத்தான் மத்தாப்புப் பெட்டியில் போடுவோம். சுகிர்தாவின் முதல் பிறந்தநாள் படம் பல சீசன் ஓடியது. வளர்ந்த பிறகு அவள் முகம் சரக்கை நகர்த்தவில்லை. அதற்காக அவளை நான் ஒரு வார்த்தை கோபித்ததில்லை.

கால்நடை டாக்டர் சபரிநாதன் போன வருடமே எச்சரித்தார். இப்படி நெஞ்சு ஆழமான பெரிய நாய் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால், இரைப்பையில் காற்று அடைத்து அப்படியே முறுக்கிக்கொள்ளுமாம். ஓங்கரிக்கும், ஆனால் எச்சில்தான் வரும். உடனே ஆபரேஷன் செய்தால்தான் பிழைக்கும் என்றார். முன்கூட்டியே இரைப்பையை விலாப்பக்கம் சேர்த்துத் தைத்துவிடலாம் என்றும் சொன்னார். தழும்பு படத்தில் விழும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். தவிர, காற்றால் எங்கள் தொழிலில் யாரும் செத்ததில்லை. வெடிமருந்தால்தான்.

படம் எடுக்கிற அன்று ஜமீன் வெயிலில் இளைத்துப் போயிருந்தான். விலா எலும்பு தெரிந்தது. ஒட்டின வயிற்றை வைத்துப் பட்டாசு விற்க முடியாது. சுகிர்தாவை விட்டே ஒரு வாளி மட்டன் சோறு ஊட்டச் சொன்னேன். படம் எடுக்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன், தின்றதும் அவனை ஓடவிடப்போவதைச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, நாக்கு வெளிய தொங்குனாத்தான் சிரிக்கிற மாதிரி இருக்கும்" என்றான் போட்டோக்காரன் மணிகண்டராஜ். நியாயமான பேச்சு. ஆட்களை விட்டு ஜமீனைக் குடோனைச் சுற்றி விரட்டினேன்.

திரும்பி வந்தபோது வயிறு அழகாக எழும்பியிருந்தது. புதுக் காருக்கு மாலை போட்டு, அதன் முன்னால் நிறுத்தினோம். ஜமீன் தலையைத் தொங்கப்போட்டு ஓங்கரித்தான். நுரைதான் வந்தது.

"அப்பா, டாக்டர் சொன்னாகல்ல, இதாம்ப்பா அது. கார எடுங்க, விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாள் சுகிர்தா.

"கொஞ்சம் பொறு தாயி, இந்தா முடியப் போவுது" என்றேன்.

இன்னொரு காரில் என் மனைவி காரியாபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இருந்த காரை எடுத்தால் மாலையைக் கழற்ற வேண்டும், அதற்குள் வெளிச்சமும் போய்விடும். சுகிர்தா என் காலைப் பிடித்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் எதையும் பெரிதாக்குவார்கள். மணிகண்டராஜும் கேமராவை இறக்கிவிட்டு, "நாய்க்கு என்னமோ பண்ணுது அண்ணாச்சி" என்றான்.

"நீ படத்த எடுலே" என்றேன்.

முடிந்ததும் காரை நானேதான் ஓட்டினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஜமீனின் தலையை மடியில் வைத்துச் சுகிர்தா அழுதுகொண்டே வந்தாள். வழியில் ஆமத்தூர் தாண்டும்போது அழுகையை நிறுத்திவிட்டாள். அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

படம் பிரமாதமாக வந்திருக்கிறது. நுரையையும், கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்த சுகிர்தாவின் கையையும் அச்சகத்தில் எடுத்துவிட்டார்கள். ஆர்டர் குவிகிறது. அவள்தான் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள், தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஜமீனைப் பார்த்தால் மனசு மாறிவிடும்.

உங்களுக்கு ஒரு பெட்டி ஜீப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதில் அட்டை மடிப்பு கிடையாது. லேபிளில் ஜமீனுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான். என் கை அவன் வயிற்றின் மேல் இருக்கிறது, பாருங்கள். முறுக்கிக்கொண்ட வயிற்றைத் தட்டினால் முரசு மாதிரி சத்தம் வரும் என்று டாக்டர் அடையாளம் சொல்லியிருந்தார். முதல் படம் எடுப்பதற்கு முன்பே தட்டிப் பார்த்தேன். வந்தது.

சுகிர்தாவிடம் மட்டும், சாப்பிட்டு நிறைந்த வயிறு என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். தகப்பனைப் பற்றிப் பிள்ளை தப்பாக நினைத்துவிடக் கூடாது.