டிரைவர் ஏறவில்லை

உச்சிவேளை. கத்திரி வெயில். மண்டபத்தூர் முக்கத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகிற மண்சாலை. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. ஒரு காக்கை இல்லை, ஒரு நாய் இல்லை. சவுக்கு மட்டும் 'உஸ்ஸ்... உஸ்ஸ்...' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஓர் ஆள் தனியாக, வேகு வேகென்று நடந்து போய்க்கொண்டிருந்தார்.

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று எவன் சொன்னது? உச்சிவேளையும் அதற்குத் தோதான நேரம்தான். கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

இது நம் தெட்சிணாமூர்த்தியின் தாய்மாமனுக்கு நடந்தது. எண்பத்தெட்டாம் வருஷம். பேர் சோமசேகரன். சுரக்குடிக்காரர். அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தார். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனுஷன். கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

அந்தச் சாலை முடிகிற இடத்தில் ஒரு இறால் கம்பெனி. படகிலிருந்து வருகிற இறாலை உரித்து, எடை போட்டு, உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று ஆபீசில். இன்னொன்று முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஃப்ரீசர் ரூம் வாசலில், எடை போடுகிற மேசையில். நடுவே ஒரு கறுப்பு கேபிள். அங்கே எடையைத் தட்டினால் இங்கே ஆபீசில் தெரிய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

தெரியவில்லை. அதுதான் தலைவலி.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் கேபிளைச் செருக ஒரு கார்டு இருந்தது. மிஷின் கண்விழிக்கும்போது, அந்தக் கார்டை வேலை வாங்க ஒரு சின்ன புரோகிராம் தானாக ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பேர் டிரைவர். அது ஏற மறுத்தது. மிஷினைப் போட்டால் திரையில் ஒவ்வொரு வரியாக வரும்... டிஸ்க் இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது... கார்டுக்கு வந்ததும் ஒரு நொடி நிற்கும். 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

சோமசேகரன் செய்யாத வைத்தியம் இல்லை. கார்டைக் கழற்றினார். அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்தார். இடம் மாற்றிச் செருகினார். பிரிண்டரோடு சண்டை போடுகிறதோ என்று பிரிண்டரைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் மிஷின் அணைந்து எழுந்திருக்க ஒரு யுகம். ஒவ்வொரு தடவையும் அதே வரி.

மறுநாள் முதலாளி வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார். பாண்டிச்சேரியில் மேலதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த மிஷின் ஓடலேன்னா நீ இந்தப் பக்கம் வர வேணாம்யா." புதுக் கார்டு ஒன்றைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதை முக்கத்தில் வாங்கிக்கொண்டுதான் அந்த வெயிலில் நடந்து வந்தார் மனுஷன்.

புதுக் கார்டைச் செருகினார். மிஷினைப் போட்டார்.

கிடைக்கவில்லை.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. பின்னால் ஜெனரேட்டர் 'தட தட' என்று அடித்துக்கொண்டிருந்தது. டீசல் புகை, இறால் கவிச்சு, அவருடைய வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். போனை எடுத்தார். பாண்டிச்சேரி லைன் கரகரத்தது. கத்தினால்தான் கேட்கும்.

"சார்... டிரைவர் ஏறல சார்! டிரைவர்! ஆமா சார், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறேன், டிரைவர் வர மாட்டேங்குது!"

லைன் அறுந்துபோனது. திரும்பிப் பார்த்தார். கணக்கு எழுதுகிற சொர்ணாம்பாள் டிபன் டப்பாவைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"சார்... அந்த வார்த்தைய இந்த நேரத்துல சொல்லாதீங்க."

"எந்த வார்த்தையம்மா?"

"அதான்... அப்படிக் கூப்பிடாதீங்க. இங்க யாரும் கூப்பிடுறதில்ல. இப்ப வேன் ஓட்டுற தம்பியக்கூட பேரு சொல்லித்தான் கூப்பிடுவோம்."

சோமசேகரனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "இது வேற டிரைவரும்மா. மிஷினுக்குள்ள இருக்குறது."

அவள் சோற்றை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். மருதையன் என்று ஒருவர் ஐஸ் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் இதே கத்திரியில், சாப்பாட்டு வேளையில், கொஞ்சம் உடம்பு ஆறட்டும் என்று ஃப்ரீசர் ரூமுக்குள் போயிருக்கிறார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கொண்டியைப் போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்து திறக்கிற பிடி உறைந்துபோயிருந்தது. மறுநாள் காலையில் திறந்தால்... கதவோடு ஒட்டி நின்றபடியே இருந்தாராம். தட்டுவதற்குத் தூக்கின கை தூக்கினபடி.

"அப்புறமா உள்ளாற பெல்லு வச்சிருக்காங்க சார். ஆனா உச்சி நேரத்துல டிரைவர்னு கூப்பிட்டா..."

சோமசேகரன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. மிஷினை அணைத்தார். போட்டார். வரி வரியாக வந்தது. கார்டுக்கு வந்து நின்றது. கிடைக்கவில்லை.

ஓங்கி அதன் தலையில் ஓர் அறை விட்டார். "டேய் டிரைவரு! வர்றியா இல்லியாடா? வந்து தொலைடா!"

சொர்ணாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி அணைத்தார். மறுபடி போட்டார். டிஸ்க்... பிரிண்டர்... கார்டு. ஒரு நொடி நின்றது. இரண்டு நொடி...

ஏறிவிட்டது.

எதையும் மாற்றவில்லை. ஒரு திருகுகூடத் தொடவில்லை. ஆனால் ஏறிவிட்டது. சோமசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு சோதனை போட்டார். கேபிள் வழியாக 'இருக்கிறாயா?' என்று இந்த மிஷின் கேட்கும். 'இருக்கிறேன்' என்று அந்த மிஷின் சொல்லும். ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் ஓர் எண் ஏறும். ஒன்று... இரண்டு... மூன்று... நாடி அடிக்கிற மாதிரி நிதானமாகப் பதில் வந்துகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா! அந்தப் பக்கத்து மிஷின் பேசுது!"

சொர்ணாம்பாள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அது எப்படி சார் பேசும்? ஜெனரேட்டர் தாங்காதுன்னு அந்தப் பக்கம் விளக்கு, பெல்லு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் காலையிலயே நிறுத்தியாச்சே. நான்தானே பிளக்கப் பிடுங்கினேன்."

"இங்கயே நின்னு அந்த நம்பரைச் சத்தமாப் படிங்க. நான் போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு முற்றத்தைக் கடந்து போனார். இறால் உரிக்கிற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஃப்ரீசர் ரூம் வாசலில் வாட்ச்மேன் செல்லையன் மட்டும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

மேசையில் கம்ப்யூட்டர் இருட்டாக இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. அது மட்டும் இல்லை... யாரோ மேசையைத் துடைத்தவர்கள் கேபிளையே கழற்றி வைத்திருந்தார்கள். கறுப்புக் கேபிளின் நுனி ஒன்றிலும் ஒட்டாமல், செத்த பாம்பு மாதிரி, ஈரத் தரையில் கிடந்தது.

"இன்னும் வருதா?" என்று கத்தினார்.

"வருது சார்!" ஆபீசிலிருந்து அவள் குரல். "நாப்பது..."

தட்.

சத்தம் ஃப்ரீசர் ரூம் கதவுக்குள்ளிருந்து வந்தது.

"நாப்பத்தொண்ணு..."

தட்.

"நாப்பத்திரெண்டு..."

தட்.

சோமசேகரன் செல்லையனைப் பார்த்தார். "யாருய்யா உள்ள?"

செல்லையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும் இல்லீங்க. உச்சி நேரத்துல இப்படிக் கேக்கும் சார். பழகிப்போச்சு. நாங்க தொறக்குறதில்ல."

"தொறக்குறதில்லன்னா?"

"ஒரு தடவ தொறந்தோம். ஆள் இல்ல. அன்னையிலேருந்து தொறக்குறதில்லீங்க. நீங்க போங்க சார்..."

தட். தட்.

அவள் படித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தட்டு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்புறம் அவள் குரல் நின்றது.

"சார்... நின்னுபோச்சு சார்."

கதவுக்குள்ளும் நின்றுபோயிருந்தது.

அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை என்று மாமன் சொல்வார். தட்டினபோது பயம் ஓடு என்றது. நின்றதும் ஓட முடியவில்லை. கொண்டியில் கை வைத்தார். செல்லையன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "வேணாம் சார், புள்ளக்குட்டிக்காரரு நீங்க!" அவரை உதறிவிட்டுக் கொண்டியைத் தூக்கினார். கதவு 'க்ர்ர்ர்' என்று பிய்த்துக்கொண்டு திறந்தது.

வெள்ளையாகப் புகை. ஒன்றும் தெரியவில்லை. கதவருகே யாரும் இல்லை.

"யாரு உள்ள?" பதில் இல்லை. செல்லையனின் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். இறால் தட்டுகள் அடுக்கின வரிசை, அதற்கு அப்பால் இன்னொரு வரிசை. கடைசிச் சுவரோரம், பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு நீலப் பாவாடை.

மாரிக்கண்ணு. இறால் உரிக்கிற பெண். கல்யாணம் நிச்சயமான பெண். தட்டு எடுக்கப் போனவளை உள்ளே வைத்துக் கொண்டியைப் போட்டுவிட்டார்கள். சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கால் மடங்கி, கண் செருகி, உதடு நாவல்பழ நிறத்தில் கிடந்தாள்.

தூக்கி வந்து வெயிலில் போட்டார்கள். கையையும் காலையும் தேய்த்தார்கள். சொர்ணாம்பாள் சுடச்சுடச் சாயா கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

செல்லையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தட்டினது நீயாம்மா... பேயின்னு நெனச்சிட்டேனே!"

அந்தப் பெண் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"நான் தட்டலண்ணே. விழுந்ததும் கால் ஏலாமப் போச்சு, எந்திரிக்கவே முடியல. அவருதான்... கதவாண்ட நின்னு தட்டிக்கிட்டே இருந்தாரு."

யாரும் யார் என்று கேட்கவில்லை.

மிஷின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதற்கப்புறம் ஏறவே இல்லை. அன்று பொழுது சாயும்வரை அணைத்து அணைத்துப் போட்டார் சோமசேகரன். அதே வரி, அதே கிடைக்கவில்லை. மேனேஜர் வந்து, "விடுங்க சார், ஒரு உசுர மீட்டுக் குடுத்திருக்கீங்க, அது போதும்" என்றார். மாமனுக்குப் போதவில்லை. ஏன் ஏறியது, ஏன் ஏறவில்லை என்று தெரியாமல் அவரால் பையைக் கட்ட முடியவில்லை. ஆனால் கட்டித்தான் ஆக வேண்டும். இருட்டுவதற்குள் கிளம்பினார். வேலை போனது. மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். சுரக்குடியில் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் எல்லோரிடமும் சொல்வார். அன்று பஸ்ஸில் நடந்ததை மட்டும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் போகிற பஸ். செம்ம கூட்டம். படியில்கூட ஆள் தொங்கியது. ஜன்னலோரம் ஒரு சீட்டுக் கிடைத்து உட்கார்ந்தார். மிஷினையே நினைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கவனித்தார்... அத்தனை கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. பார்க்கிறார்கள், உட்கார வருகிறார்கள், என்னவோ நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கோட்டுச்சேரியில் ஒரு மீன்காரம்மா ஏறினாள். காலி கூடையை இடுப்பில் வைத்தபடி, "தள்ளுங்கய்யா" என்று வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள். பின்பக்கம் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரிச் சில்லென்று ஈரம்.

அவரை முறைத்தாள். "ஏங்க... ஆள் உக்காந்திருக்குன்னு சொல்ல மாட்டீங்களா?"