‘நல்லா இரிக்கன்’ என்ற விடையை நம்பாதவருக்கு

இருதயநோய்ச் சிகிச்சைப் பிரிவின் தாதிய சகோதரி ஸாலிஹா அவர்களின் பணிநிறைவின்போது, வைத்தியசாலை மேல்மாடி மண்டபத்தில் உடன்பணியாளர் வாசித்தளித்த பாராட்டு மடல்

காத்தான்குடி ஈன்றெடுத்து, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் வாஞ்சையோடு ‘மிஸி’ என்றழைக்கும் மாண்புடையீர்! நாடி பிடிக்கும் முன்னரே நாவின் தயக்கத்தைப் பிடிக்கும் நுண்மதியீர்! ஐயத்தை அணியாகவும் அமைதியை ஆடையாகவும் பூண்டு, முப்பத்து நான்கு ஆண்டுகள் நோயாளரின் நெஞ்சருகே நின்ற எங்கள் சகோதரி ஸாலிஹா அவர்களே! வணக்கமும் வாழ்த்தும் உரித்தாகுக.

விடைபெறுவோரை அன்பின் வடிவம் என்று விளிப்பது இத்தகைய மடல்களின் மரபு. அம்மரபை மீறும் துணிவு எமக்கில்லை. ஆயினும் பிழையற எழுத வேண்டுமெனில், தாங்கள் முதலில் ஐயத்தின் வடிவம். அன்பு அதன் பின்னே, சந்தடியின்றி வந்தது.

ஐயுற்று ஆற்றுப்படுத்திய அம்மையீர்!

‘குளிசை ஒழுங்காப் போடுறன்’ என்றவரைத் தாங்கள் நம்பியதில்லை. ‘நல்லா நித்திரை வருது’ என்றவரையும் நம்பியதில்லை. ‘வீட்டில ஒரு பிரச்சினையும் இல்ல’ என்று விரைந்து விடையளித்தவரையோ அறவே நம்பியதில்லை. மாரடைப்பிலிருந்து மீண்டு வந்த ஒவ்வொருவரிடமும் தாங்கள் வினவியவை மூன்று: கொழுப்பைக் குறைக்கும் இரவுக் குளிசையை விழுங்குகிறாரா, மனம் எப்படி இருக்கிறது, இல்லறத் துணையோடு உறங்குகிறாரா. மூன்றாம் வினாவுக்கு முன் அறைக்கதவு சாத்தப்படும். மின்விசிறி வேகம் பெறும். வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருப்போர் எதையெதையோ ஊகிப்பர். அவர்கள் ஊகித்தவற்றுள் ஒன்றேனும் உள்ளே நடந்ததைப்போல் பயனுடையதாக இருந்ததில்லை.

சான்றின்றிப் புகழ்வது தங்களுக்கு உவப்பன்று என்பதை அறிவோம். எனவே ஒரு சான்றை மட்டும் இங்கே வைக்கிறோம். அதற்குரியவர்களின் இசைவு பெற்றே வைக்கிறோம். அவ்விசைவு எவ்வாறு கிடைத்தது என்பதைப் பின்னர் கூறுவோம்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஓர் ஊரில் நல்லரத்தினம் என்பவர் வட்டைவிதானை. வட்டை என்னும் பெருவயற் பரப்பில் யாருக்கு எப்போது நீர் பாய வேண்டும் என்று ஒழுங்குசெய்யும் அவருக்கு, ஐயுறுதல் தொழில். வரம்பின் ஈரத்தை வைத்தே இரவில் வாய்க்காலை வெட்டியவர் இன்னார் என்று காலையில் கூறிவிடுவார், பெரும்பாலும் தவறுவதில்லை. சென்ற பெரும்போகத்தில், விதைப்பு முடிந்த கையோடு, அவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் மீண்டு வீடு திரும்பிய அன்றே, மனைவி கேதீஸ்வரி அறைக்குள் விரித்து வைத்திருந்த பாயை விதானையார் சுருட்டிக்கொண்டு வெளிவிறாந்தைக்குப் போய்விட்டார்.

அது கேதீஸ்வரியின் வீடு. பெண்ணுக்கே வீடெழுதும் எம் பகுதியில் கணவன் வந்து குடியிருப்பவன். அவன் பாயை வெளியே எடுத்தால், அடுத்து உடுப்புப் பையை எடுப்பான் என்பது ஊரார் கணக்கு. கேதீஸ்வரியும் அவ்வாறே கணக்கிட்டார். கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

விதானையாருக்கோ வெளியே சொல்ல ஒண்ணாத காரணங்கள் இருந்தன. மீண்டும் நெஞ்சடைத்தால், அதுவும் அந்த நேரத்தில் அடைத்தால், கேதீஸ்வரி ஊருக்கு என்னவென்று சொல்லுவாள் என்பது ஒன்று. அவ்வாறு அஞ்சுவதற்கே இடமின்றி உடலில் ஆசை எழவேயில்லை என்பது மற்றொன்று. இந்நிலையில் தேநீர்க் கடையில் ஒருவர், தம் மைத்துனருக்கு நேர்ந்ததென்று கூறி, கொலஸ்ரரோல் குளிசைதான் ஆண்மையைக் கெடுப்பது என்று அடித்துச் சொன்னார். விதானையார் எவரையும் நம்பாதவர். அவரை மட்டும் நம்பினார். இரவுக் குளிசை அன்றோடு நின்றது. பின் வட்டைக்குப் போவதும் நின்றது. நீர்ச்சண்டையைத் தீர்க்க அழைத்தவர்களிடம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மழை பெய்வதும் ஓய்வதும் அவருக்கு ஒன்றாயின. வேளாண்மை செய்பவருக்கு இதனினும் பெரிய நோய்க்குறி வேறில்லை.

அதன் பின்னரே பாலாணம் வந்தது.

தேங்காய்ப்பாலைக் குறைக்குமாறு வைத்தியர் கூறியிருந்தார். கேதீஸ்வரியும் தேங்காய்ப்பாற் குழம்பாகிய பாலாணம் காய்ச்சுவதை அடியோடு நிறுத்தியிருந்தார். அப்படியிருக்க, திடீரென்று இரவுதோறும் அவருக்கென்று தனிக்கிண்ணத்தில் கட்டிப்பாலாணம் வரத் தொடங்கிற்று. கேதீஸ்வரி அதைத் தொடவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை கதவோரம் நின்றார். நீர் வற்றிய வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் கிண்ணத்தின் அடியில் வெண்துகள் படிந்திருப்பதை விதானையார் கண்டார். விரலால் தொட்டு நாவில் வைத்தார், கசந்தது.

மட்டக்களப்பார் வந்தவரை வசியம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்று வெளியூரார் நகைப்பதுண்டு. அந்நகைப்பில் பாதியை உள்ளூராரும் நம்புவதே சிக்கல். முதலில் அவர் வசியப்பொடி என்று எண்ணினார். வசியமாயின் பாய் இதற்குள் அறைக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஆகவே நஞ்சு என்று முடிவுசெய்தார். வீடு அவளுடையது, வயல் அவளுடையது, இனி என்னால் அவளுக்கு ஆவதென்ன என்று தமக்குள் விசாரணையையும் முடித்துக்கொண்டார். இம்முடிவு அவருக்குச் சினத்தைத் தரவில்லை, நியாயமாகத் தோன்றியது. கிண்ணத்தையும் தொடர்ந்து குடித்துவந்தார்.

எனினும் அவரது தொழிற்புத்தி சாகவில்லை. வெட்டியவர் யாரென்று உறுதிசெய்யாமல் ஒரு வழக்கை மூட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் பாலாணத்தில் கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி, சட்டைக்குள் மறைத்து, கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். கேதீஸ்வரி வெளி வாங்கில் இருந்தார். போத்தலைத் தங்களிடம் நீட்டியதற்கும் அவர் காரணம் வைத்திருந்தார்: காத்தான்குடி மிஸிக்குத் தம் ஊரில் உறவில்லை, கதை வாவியைத் தாண்டாது.

உண்மை உணர்த்திய உத்தமியே!

தாங்கள் சிரிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதை அப்போதே அறிந்திருப்பீர்கள் என்பது எம் துணிபு. ஆனால் தாங்கள் கேட்டது அதைப் பற்றியன்று.

“விதானையார், நஞ்செண்டு நினைச்சும் குடிச்சீங்களா?”

“ஓம்,” என்றார்.

“ஏன்?”

“வேணாமெண்டு சொல்லவும் மனம் எழும்பல்ல மிஸி.”

இதயத்தின் நோய் எது, மனத்தின் நோய் எது என்று பிரித்தறிய நூல்கள் பல உள. தங்களுக்கு அந்த ஒரு விடை போதுமானதாயிற்று. கேதீஸ்வரியை உள்ளே அழைத்தீர்கள். போத்தலைக் கண்டதும் அவர் மறுக்கவில்லை.

“அவர் போடாம விட்ட குளிசையத்தான் அரைச்சுப் போட்டன் மிஸி. தண்ணியில போட்டாக் கண்டுபிடிச்சிருவார், பால்ல தெரியாது. வெளிய பாய் போட்ட மனிசன் நாளைக்கு ஆர்ர வீட்டுக்குப் போவாரோ எண்டுதான் எனக்குப் பயம். போறதெண்டாலும் உசிரோட போகட்டும் எண்டு நினைச்சன்.”

விதானையார் மனைவியைப் பார்த்தார். தம் வாழ்நாளில் அவர் தவறாகத் தீர்த்த பெருவழக்கு அதுவாகவே இருக்கும்.

அப்போதுதான் தாங்கள் இருவரையும் பார்த்துக் கூறினீர்கள். “பாயில ஒட்டவைக்கிற ஊரெண்டு நமக்குப் பேர். இங்க ஒராள் பாயச் சுருட்டுறார், ஒராள் குளிசைய அரைக்கிறா. கொழுப்பக் குறைக்கிற குளிசையத் தேங்காய்ப்பால்ல கரைச்சுக் குடுத்த ஊரும் இதாத்தான் இருக்கும்.”

கேதீஸ்வரி முதலில் அழுதார். பிறகு, அழுகை முடியுமுன்னரே, சிரித்துவிட்டார். விதானையார் சிரிக்கவில்லை. ஆனால் போத்தலை மேசையிலிருந்து எடுத்துத் தம் மனைவியின் பைக்குள் வைத்தார்.

பின்னர் வைத்தியரிடம் சென்று விதானையாருடைய சோதனை முடிவுகளைப் பார்த்து, ஒப்புதல் பெற்று, இருவரையும் இவ்வைத்தியசாலையின் மாடிப்படிகளுக்கு அழைத்துச் சென்றீர்கள். அவர் ஊரில் கோயிற் கோபுரத்தைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. அதில் ஏறுவாரும் இல்லை. மாரடைப்பின் பின் அவர் வாசற்படிக்கு மேல் எதையும் ஏறியதில்லை. ஏற்றிக் கொல்லப் பார்க்கிறார்களோ என்னும் ஐயம் முகத்தில் தெரிய, கைப்பிடியைப் பற்றி ஏறினார். கேதீஸ்வரி பக்கத்திலேயே ஏறினார். தாங்கள் ஒரு படி பின்னே நின்று அவர் முகத்தை மட்டும் பார்த்தபடி ஏறினீர்கள். இரண்டாம் மாடியை அடைந்தபோது நெஞ்சு நோகவில்லை, மூச்சும் முட்டவில்லை.

“இவ்வளவும் ஏறின மனிசனுக்கு, உள்ளுக்குப் பாய் விரிக்கப் பயமில்ல விதானையார்,” என்றீர்கள்.

கேதீஸ்வரி சுவரைப் பார்த்தார். விதானையார் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வாவிக்கு அப்பால், படுவான்கரையில், மழை கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. “எங்கட வட்டைக்குத்தான் பெய்யுது போல,” என்றார். பல மாதங்களின் பின் மழையைப் பற்றி அவர் கூறிய முதற்சொல் அதுவென்று கேதீஸ்வரி பின்னர் எம்மிடம் தெரிவித்தார்.

அதுவே குணமடைதலன்று என்பதைத் தாங்கள் நன்கறிவீர்கள். மனநலப் பிரிவுக்குச் செல்லுமாறு கூறியபோது, தமக்கு விசரா, பைத்தியமா என்று அவர் முகஞ்சுளித்தார். “ரத்தக் குழாய் அடைச்சா அதுக்கொரு டொக்டர், மனம் அடைச்சா அதுக்கொரு டொக்டர். ரெண்டு பேரும் ஒரே கன்டீன்லதான் தேத்தண்ணி குடிக்கிறாங்க,” என்று தாங்கள் கூறிய பின்னரே சென்றார். வைத்தியர் அவரது குளிசைகளுள் ஆசையைக் குறைக்கக்கூடிய ஒன்றை மாற்றினார். அது தேநீர்க் கடையில் பழி சுமந்த குளிசையன்று. கொலஸ்ரரோல் குளிசையைக் கேதீஸ்வரி முழுதாகவே கொடுத்தார். விதானையார் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பின்னரே விழுங்கினார். மாதங்கள் சென்றன. ஒவ்வொரு முறை வந்தபோதும் ‘நல்லா இரிக்கன் மிஸி’ என்றார். ஒவ்வொரு முறையும் தாங்கள் நம்ப மறுத்துக் கதவைச் சாத்தினீர்கள்.

பெருந்தகையீர்!

இவ்விழாவுக்கு அழைக்கவும், இம்மடலின் வரைவைக் காட்டி இசைவு பெறவும் எம் உடன்பணியாளர் முனாஸ், அவ்விருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தார். விதானையார் வரைவை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு வாக்கியத்தை வெட்டச் சொன்னார், வெட்டினோம். எஞ்சியதையும் வெட்டிவிடலாமா என்று அவர் எண்ணத் தொடங்கியபோது கேதீஸ்வரி குறுக்கிட்டார்: “கிடக்கட்டும். விறாந்தையில பாய் போட்டுக்கொண்டு இன்னும் எத்தின பேர் படுக்கிறாங்களோ.” அதன்பின் அவர் மறுக்கவில்லை. முனாஸ் விடைபெறும்போது வெளிவிறாந்தையைக் கவனித்தார். பாய் கிடந்த இடத்தில் அடுத்த போகத்துக்கான விதைநெல் மூடைகள் சுவர்வரை அடுக்கப்பட்டிருந்தன. அங்கே இனி ஓர் ஆள் படுக்க இடமில்லை.

வாசல்வரை வந்த விதானையார் ஒன்றை மட்டும் கேட்டாராம்: “விழாவ ஏன் தம்பி மேல்மாடியில வெச்சிரிக்கிங்க?”

கீழே இதனினும் பெரிய மண்டபம் உண்டு என்பதை அவர் அறிவார். அவருடைய ஐயம் இம்முறை பிழையாகவில்லை. தாங்கள் ஏற்றிவிட்ட படிகளில் ஏறி வந்தே தங்களை வாழ்த்த வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இம்மடல் வாசிக்கப்படும் இவ்வேளையில் அவர்கள் இருவரும் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். தங்களைப் போன்றே, பரிமாறப்பட்ட பாயசத்தைச் சற்று ஐயத்தோடு பார்த்துக்கொண்டும் இருக்கக்கூடும்.

சகோதரியே, இனி ஓய்வெடுக்கப்போவதாகத் தாங்கள் கூறுகிறீர்கள். அதனை நாம் நம்பவில்லை. வெறுமை வாட்டாது, நேரம் போதாது என்கிறீர்கள். விரைந்து கூறப்பட்ட விடையாதலால் அதனையும் நம்பவில்லை. எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த நலனையும், நோகாத நெஞ்சையும் நோவைச் சொல்லத் தயங்காத நாவையும் அருள்வானாக. ஆண்டுதோறும் ஒரு நாள் இங்கே வாருங்கள். ‘நல்லா இரிக்கன்’ என்று கூறி எம்மைக் கடந்துவிட இயலாது. இப்படிகளைத் தாங்கள் ஏறுங்கள். ஒரு படி பின்னே, தங்கள் முகத்தைப் பார்த்தபடி, நாங்கள் ஏறி வருவோம்.

இங்ஙனம்,
ஐயுறும் கலையைத் தங்களிடம் கற்று,
அதை முதலில் தங்கள்மீதே பயிலவிருக்கும்
இருதயநோய்ச் சிகிச்சைப் பிரிவின் உடன்பணியாளர்