வெடிப்பின் மேல் வரைந்த படம்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை. வேனை நிறுத்தி இறங்குவார்கள், படத்துக்கு முதுகைக் காட்டி நின்று போனில் தங்களையே பிடித்துக்கொள்வார்கள், ஏறிப் போய்விடுவார்கள். பத்துப் பேரில் ஒருவர் வாங்கினால் பெரிது.

படம் வாங்க வந்த இடத்தில் ஐயா கேட்டதால் சொல்கிறேன். நோர்வூட் போகிற ரோட்டைப் பார்த்த எங்கள் லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசிச் சுவரில் அந்தப் பெரிய படத்தை வரைந்தது நான்தான். மலை, தேயிலை, கூடையோடு ஒரு பெண். அதையே சின்னப் பலகைகளில் வரைந்து, அந்தச் சுவரிலேயே ஆணியில் மாட்டி விற்றேன். அதற்கு முன் பதினொரு வருடம் ஹட்டனில் ஒரு கடையில் என் படங்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தன. இந்தச் சுவர் கிடைத்த பிறகுதான் என்னை ஆர்ட்டிஸ்ட் என்றார்கள்.

சுவருக்கு உள்ளே குடியிருந்தது செல்லசாமியும் அவன் பெண்சாதி லெட்சுமியும். படத்திலிருக்கிற பெண்ணும் அவள்தான்.

"மாமா, கூடைய மட்டும் நல்லா தடியா வரஞ்சிட்டு என்னைய ஏன் இப்பிடி ஒணத்திப் போட்டீங்க?" என்பாள்.

"சம்பளத்துக்குத் தக்கன ஒடம்பு" என்பேன். சிரிப்பாள்.

போன வைகாசி மழையில் அந்தச் சுவரில் வெடிப்பு விட்டது. வெடிப்பு முடிகிற இடத்தில் செல்லசாமி கரியால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினான். கோட்டைத் தாண்டினால் மண் நகர்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் லயங்களில் இப்படித்தான் பார்ப்போம். ஒரு மாதத்தில் இரண்டு கோடு தாண்டி, மூன்றாவது கோடு படத்துப் பெண்ணின் கழுத்துக்கு வந்துவிட்டது.

கழுத்தில் கரி பூசிய படத்தை யார் வாங்குவார்? அவர்கள் வேலைக்குப் போன பிறகு கோடுகளைத் துடைத்தேன். வெடிப்பில் சீமெந்து அடைத்து மேலே வர்ணம் பூசினேன்.

"கோடு எங்க மாமா?"

"மழைல போயிருக்கும். வெடிப்பே நின்னுருச்சி மாப்ள, பாரு."

வயதில் மூத்தவன் சொன்னதால் நம்பினான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பிளந்தது. இரண்டு தடவையும் அவன் பார்க்குமுன் அடைத்தேன்.

மண்சரிவு பார்க்கிற அதிகாரி வந்தபோதும் அவர்கள் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். வெடிப்பு இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். சுவரைக் காட்டினேன். காட்டத்தான் செய்தேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு படமும் வாங்கிக்கொண்டார். மேல் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். எங்களை மாற்றவில்லை.

கார்த்திகையில் அந்தக் காலை செல்லசாமி வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டான். லெட்சுமி காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தாள். நான் அடைத்த இடம் மறுபடி பிளந்து, செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் இருமினாள். நான் ஆணியிலிருந்த படங்களைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கீழே கோயிலில் கொண்டுபோய் வைத்தேன். பதினான்கு படம், இரண்டு நடை. இரண்டாவது நடைக்கு வந்தபோதும் இருமல் கேட்டது. கோயிலில் இறக்கிவிட்டுத் திரும்பினால் சுவர் இல்லை.

இப்போது யாராவது இருமினால் எழுந்து போய்விடுகிறேன். அந்தப் பதினான்கில் ஒன்பது விற்றுவிட்டது. செத்துப்போன பெண் இவள்தான் என்று சொன்னால் வாங்குகிறார்கள்.

லெட்சுமியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, செல்லசாமி தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குன்னு படத்தயெல்லாம் ஏன் மாமா எடுத்துட்டுப் போனீங்க?"

"தண்ணி பட்டா வீணாப் போயிரும்னுதான்."

"அப்ப தண்ணி வந்தது தெரியும்."

மடிக்க உதவலாம் என்று சேலையின் மறுமுனையைப் பிடித்தேன்.

"ரெண்டு நடை நடந்திருக்கீங்க. கதவ ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

"காய்ச்சக்காரப் பிள்ளைய எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்."

அவன் மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தான்.

ஐயாவிடம் மறைத்து என்ன. எழுப்பியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். மூன்று தடவை அடைத்ததைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால்தான் தட்டவில்லை. அவளைக் கொன்றது நான் என்று செல்லசாமி நினைக்கிறான். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுந்து நடந்தேன். மலை இறங்கியதற்கு வர்ணம் பூசியவன் என்ன செய்வான் என்று ரோடு வரை யோசித்துப் பார்த்தேன். என் மேல் என்ன குற்றம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.