நீலக்கோடு போன வழி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

நான் புனிதன். ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு எழுதும் கிராணி. ஆபீஸ் சுவரில் வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்று தொங்கும். மலையின் ஏற்ற இறக்கம், தொழிலாளர் குடியிருக்கும் லயம், கோயில், நீலக்கோட்டில் ஆறு எல்லாம் அதில் உண்டு. தினமும் துடைப்பேன். பெண்டாட்டி முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

போன மாதம் புது மேனேஜர் ஹரிதாஸ், "இது தப்பான மேப்பு லா, கிராணி. ஆறு ஒரு பக்கம் ஓடுது, இது வேற பக்கம் காட்டுது. வெள்ளிக்கிழமை குப்பையில போட்டுருங்க" என்றார். ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ மடை கட்டி ஆற்றைத் திருப்பினால், அது வரைபடத்தின் தப்பா?

ஆகவே நிலத்தைத் திருத்தினேன். முதலில் சில்லறை வேலைகள். வரைபடத்தில் வளைந்துபோகும் பாதை இப்போது நேராகிவிட்டிருந்தது. வேலி போட்டு வளைத்தேன். ஜனங்களும் ஏன் என்று கேட்காமல் வளைந்தே நடந்தார்கள். பாக்கி இருந்தது ஆறு.

பழைய படுகையில் ஐந்து வீடுகள் இருப்பது எனக்குத் தெரியும். நான் ஈவு இரக்கம் இல்லாதவன் அல்ல. தண்ணீர் திறக்குமுன் லயத்துக்குச் சொல்வது கிராணியின் வேலை. வரைபடத்தில் உள்ள இரண்டாம் லயத்துக்குப் போய் மூன்று முறை உரக்கச் சொன்னேன். அதை இடித்து நாற்பது வருடமாகிறது. தேயிலைச் செடிதான் நிற்கிறது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

வியாழன் மத்தியானம், நல்ல மழை. படுகையில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். மடைப் பலகைகளைக் கழற்றினேன். முதல் வீட்டு ஜெயா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"கிராணி அண்ணே, தண்ணி வீட்டுக்குள்ள வருது. பலகையப் போடுங்கண்ணே. அப்பா உள்ள இருக்காரு."

"ஆறு அது எடத்துக்குத்தான் போவுதும்மா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவள் அப்பா ராமையாவுக்குக் கால் விளங்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பழகிய மனிதர், நானும் ஆட்டினேன். பலகைகள் என் காலடியில்தான் கிடந்தன. திரும்பப் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் நான் பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோன வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஒரு முழம்கூடப் பிசகவில்லை.

மறுநாள் அவரைச் சேற்றிலிருந்து எடுத்தார்களாம். வருத்தமாகத்தான் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கழற்றியது நான்தான், யாரும் தூண்டவில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள 'வீட்டில் இருந்தவரைக் கொன்றான்' என்பதை மட்டும் திருத்திவிடுங்கள். அந்த இடத்தில் வீடே கிடையாது.