எப்படி நேர்ந்தது என்று கேட்ட கடிதம்

1979 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை, மாலை 6.20. மேகமூட்டம், மழை இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் தோல் தொழிற்சாலை டைப்பிஸ்ட் பெண். அங்கே தோல் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டும் நடுவயதுக்காரர் அவளருகே கம்பியைப் பிடித்து நின்றார்.

"'கம் அபவுட்'னா இன்னாம்மா? அந்த வார்த்தையாலதான் என் வேலை போவுதுன்றாங்க."

"தோல்ல கறை எப்படி 'கம் அபவுட்' ஆச்சுன்னு சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரர் எழுதியிருக்கார்ண்ணே. எப்படி நேர்ந்ததுன்னு அர்த்தம். யாரு பண்ணதுன்னு அவர் கேக்கவே இல்ல."

"மொதலாளி என் பேரைத்தானே எழுதச் சொன்னாரு?"

"ஆமா. எந்தப் புகார் வந்தாலும் 'சம்பந்தப்பட்ட ஆளை நீக்கிட்டோம்'னு ஒரு வரி போடறது நம்ம ஆபீஸ் வழக்கம். இந்தத் தடவை நான் போடல. கரண்ட் போயி டிரம் நாலு மணி நேரம் நின்னுச்சு, கறை அப்படித்தான் 'கம் அபவுட்' ஆச்சுன்னு அடிச்சுட்டேன்."

"அய்யய்யோ! இன்னாம்மா இப்படிப் பண்ட்ட? உன் வேலையும் போச்சா?"

"இல்லண்ணே. முதலாளி ரெண்டு தடவை படிச்சார். 'அவர் கேட்டதுக்குப் பதில் இதுதான் சார்'னேன். கையெழுத்துப் போட்டுட்டார். நாளைக்கு எப்பவும்போல எட்டு மணிக்கு வந்துடுங்க."

அவர் துண்டால் முகத்தை மூன்று முறை துடைத்துக்கொண்டார்.

முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அந்தச் சொல்லை இவ்வளவு நல்ல காரியத்துக்கு ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததில், இறங்க வேண்டிய பள்ளிகொண்டாவைத் தவறவிட்டேன். வேலூர் வரை கூடுதல் டிக்கெட் தொண்ணூறு பைசா, திரும்பி வரத் தொண்ணூறு. ஆக மொத்தம் ஒரு ரூபாய் எண்பது பைசா.