மயிலு திங்கட்டுமுங்க

அதை அமுத்தாதீங்க தம்பி. சத்தத்தை ஒருக்கா கேட்டுப் பாருங்கன்னு சொல்றீங்க, எனக்கு வேண்டாமுங்க. மயிலு வெரட்டற மெசினு நல்ல மெசினாத்தான் இருக்கும். கிணத்துக்கடவுல பாதிப்பேரு வாங்கிப்போட்டாங்கன்னா சந்தோசம். என்ற காட்டுக்கு வேண்டாம்.

உக்காருங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க.

ஆமாங்க, தக்காளி முச்சூடும் கொத்திப்போட்டுத்தான் கெடக்குது. ஒண்ணைக்கூட முழுசாத் திங்காதுங்க அது. இதுல ஒரு கொத்து, அதுல ஒரு கொத்து. திங்கட்டுமுங்க.

அதா, அந்த வேலமரத்தடியப் பாருங்க. மெல்லத் திரும்புங்க. பொட்டை மயிலு, கூட மூணு குஞ்சு. ஆடியில அஞ்சு பொரிச்சுது, ரண்டைக் கீரி கொண்டுபோயிருச்சு. கரையானைக் கொத்துனா தான் முழுங்காதுங்க. குஞ்சு முன்னால வெச்சுப்போட்டு ஒதுங்கி நிக்கும். பருந்து நெழலு தரையில உழுந்தாப் போதும், ஒரு கொரலு குடுக்கும், மூணும் ரெக்கைக்குள்ள போயிரும். பொழுது எறங்குனா அது மொதல்ல புளியமரத்துல ஏறி நின்னு கூப்புடும். குஞ்சுக ஒவ்வொண்ணாத் தாவித் தாவி ஏறும். கடைசிக் குஞ்சு போயிச் சேர்ற வரைக்கும் நானும் நின்னு பாத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போறது.

பிரியமா? அதெல்லாம் இல்லீங்க. போன வருசம் வரைக்கும் கல்லெடுத்து எறிஞ்சவந்தான்.

என்ற ஊட்டுக்காரிக்கு என்னைவிடக் கோவம். பேரு புவனா. நாத்து நட்டது, களையெடுத்தது எல்லாம் அவதானுங்க. கொத்துன பழத்தையெல்லாம் கூடையில பொறுக்கியாந்து, இந்தாங்க, உங்க ஒறம்பரைச் சனம் தின்ன மிச்சம்னு என்ற முன்னால வெப்பா. சிரிப்பு வந்துரும்.

அவ இல்லீங்க இப்ப. போன பொரட்டாசியில தவறிப்போயிட்டா.

தெனமும் காலைல மொபெட்டுல போயி சொசைட்டில பால் ஊத்தீட்டு வருவா. அன்னைக்குத் திரும்பி வரையில, அந்த இட்டேரி மண்தடம் தார்ரோட்டுல சேருதே, அந்த எடத்துல ஒரு ஆண் மயிலு நம்ம காட்டு வேலியத் தாண்டி வந்து நேரா நெஞ்சுல மோதிப்போடுச்சு. வண்டியோட உழுந்துட்டா. பின்மண்டையில அடி.

மயிலு சும்மா பறக்காதுங்க தம்பி. முடிஞ்ச வரைக்கும் நடக்கும். வெரட்டுனா ஓடும். ரொம்ப மெரண்டுபோனாத்தான் எந்திரிக்கும், கனத்த ஒடம்பு, மொத எடுப்புல ஆளு ஒசரத்துக்கு மேல போகாது.

ஏட்டையா கேட்டதுக்கு மயிலு குறுக்க வந்துருச்சுன்னு சொன்னனுங்க. பையன் பிரவின்குமாருக்கும் அதேதான் தெரியும். லீவுல வந்தான்னா இதுகளைப் பாத்ததுமே கல்லெடுக்கறான். நான் கையப் புடிச்சுக்கறேன். ஏனுங்கப்பா, அம்மாவையே கொன்னுதே, அதுக்குப் போயிப் பாவம் பாக்கறீங்கங்கறான்.

அன்னைக்கு அந்த மயிலு அது பாட்டுக்குத் தக்காளிக்குள்ள மேஞ்சுட்டு இருந்துச்சுங்க. கோயில் நோம்பிக்கு வாங்குன வெடி ரண்டு மிச்சம் கெடந்துது. பத்த வெச்சது நாந்தானுங்க. ஓடிப்போயி அவளத் தூக்கி மடியில போட்டு மூஞ்சியத் தொடைக்கறேன், என்ற கையெல்லாம் வெடிமருந்து நாத்தம். அவளுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க தம்பி. அப்ப கண்ணு முழிச்சுத்தான் இருந்தா.