சின்னவர் அடிச்ச பெனால்டி

— லைட்டப் போடாதக்கா. அப்பா முழிச்சுக்குவாரு.

— சமையல்கட்டு லைட்டுக்கெல்லாம் அவரு முழிக்கிற ஆளா இருந்தா, ராத்திரி ஃப்ரிட்ஜத் தொறந்து நீ பண்ற திருட்டெல்லாம் எப்பவோ வெளிய வந்திருக்கும்.

— போடாதன்னா போடாத.

— இரு இரு, போடல. என்ன, ஐஸ எடுத்து வயித்துல அமுக்கிட்டு உக்காந்திருக்க?

— வயித்துவலி.

— நான் மருந்துக்கடையில நாள் பூரா நிக்கிறவ. வயித்துவலிக்கு எவன்டா ஐஸ் வெப்பான்? சட்டையத் தூக்கு.

— வேணாம்க்கா.

— தூக்குடா. இரு, ஃபோன் வெளிச்சத்துல பாக்கறேன். ஐயோ, என்னடா இது, வட்ட வட்டமா? தொடையிலயும் இருக்கா? பந்து பட்டதா இதெல்லாம்?

— ம்.

— இன்னிக்கு நீ மேட்ச்சே ஆடலையே. சின்னவரு பெனால்டி அடிக்கறப்ப நின்ன, அவ்வளவுதான். கடையில டீவில பாத்துட்டுத்தானே இருந்தேன்.

— அதுலதான்க்கா ஆரம்பிச்சுது.

— அதுல என்ன ஆரம்பிக்கிறது? வருஷா வருஷம் நடக்கிற கூத்து. முதல் மேட்ச்சுக்கு முன்னாடி டீமோட முதலாளி வந்து ஒரு பெனால்டி அடிப்பாரு. அகாடமிப் பசங்கள்ல ஒருத்தன் கோல்ல நிப்பான். பந்து ஒரு பக்கம் போகும், அவன் இன்னொரு பக்கம் விழுவான். எல்லாரும் கை தட்டுவாங்க.

— அதுக்கு ஒரு வாரம் பிராக்டிஸ்க்கா. விழறதுக்கு. சீக்கிரம் விழுந்தா நடிப்புன்னு தெரிஞ்சுடும், லேட்டா விழுந்தா பந்து கையில பட்டுடும்னு கோச் சொல்லிச் சொல்லி விழ வெச்சாரு. பந்தப் புடிக்கத்தான் சின்ன வயசுலேர்ந்து கத்துக்கிட்டேன். புடிக்காம இருக்க ஒரு வாரம் ஆச்சு.

— நல்லாத்தானே விழுந்த.

— நான் சரியாத்தான் விழுந்தேன். அவரு புது ஷூ போட்டுட்டு வந்து சறுக்கிட்டாரு. பந்து நான் விழுந்த பக்கமே உருண்டு வந்து, என் ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல நின்னுடுச்சு.

— கோழி முட்டைய அடைகாக்குற மாதிரி. கடையில மாத்திரை வாங்க வந்தவங்க கூட சிரிச்சாங்கடா. நானும்தான்.

— கிரவுண்டே சிரிச்சுதுக்கா. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது.

— ஆனா அவரு பெருந்தன்மையா ஓடி வந்து உன்னக் கட்டிப்புடிச்சாரே. அதையும்தான் காமிச்சாங்க. அதுக்கு முன்னாடி அப்பாவையும் காமிச்சாங்க தெரியுமா? வழக்கம்போல பந்தத் துண்டால துடைச்சு, காத்தடிக்கிற ஓட்டை மேல இருக்கற மாதிரி, குழந்தையத் தூங்கவெக்கிறாப்ல பெனால்டிப் புள்ளியில வெச்சுட்டுப் போனாரு. அதோ எங்கப்பான்னு நான் கடை முழுக்கச் சொன்னேன்.

— ம்.

— என்ன ம்?

— கட்டிப்புடிச்சப்ப காதுல சொன்னாரு, மேட்ச் முடிஞ்சதும் போயிடாதன்னு. கேமரா அந்தப் பக்கம் போனதும் பாக்கெட்லேர்ந்து டிஷ்யூ எடுத்துக் கையத் துடைச்சாரு. ஒவ்வொரு விரலா. என்னத் தொட்ட கைய.

— ச்சீ. அந்தாளோட தாத்தா பெயிண்ட் டப்பா தலையில சுமந்து கம்பெனி ஆரம்பிச்சாரு. அவங்கப்பா, பெரியவரு, இந்த டீம வாங்கினாரு. இந்த மனுஷன் செஞ்ச ஒரே வேலை பொறந்ததுதான். சரி, மேட்ச் முடிஞ்சு?

— எல்லாரும் போனப்புறம் லைட்டெல்லாம் அணைச்சுட்டாங்க. ஒரு கம்பத்துல மட்டும் எரிஞ்சுது. அவரும் அவரு ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் கையில கிளாஸோட கிரவுண்டுக்கு வந்தாங்க. என்னக் கோல்ல நிக்கச் சொன்னாரு. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கன்னாரு. உனக்குத்தான் கையில்லாமலே தடுக்க வருமேன்னாரு.

— எவ்வளவு தூரத்துலேர்ந்து அடிச்சான்?

— இந்த ஃப்ரிட்ஜ்லேர்ந்து வாசக்கதவு தூரம் இருக்கும்.

— அவ்வளவு கிட்டவா. நீ நகர்ந்துக்கலையா?

— நகர்ந்தா அந்த அடி கணக்குல வராது, திரும்ப அடிப்பேன்னாரு. பாதி பந்து வெளிய போச்சு. அவருக்கு அடிக்கவும் தெரியலக்கா. என் மேல பட்டதுக்குத்தான் அவங்க கை தட்டினாங்க. ஒருத்தன் ஃபோன்ல எடுத்தான்.

— கோச் என்ன பண்ணிட்டிருந்தான்?

— தூரத்துல சுவத்தப் பாத்து நின்னுட்டு ஃபோன் பேசினாரு. காதுல ஃபோன் வெச்சிருந்தாரு, வாய் அசையவே இல்ல.

— தூ. அவனெல்லாம் ஒரு மனுஷன். பந்த யாரு எடுத்து எடுத்துக் குடுத்தது? அவனும் கோச்சா?

— இல்ல. ஒருத்தரு.

— எந்த ஒருத்தரு?

— விடுக்கா. ஒரு பந்து வயித்துல பட்டதும் வாந்தி எடுத்துட்டேன். சின்னவரு வந்து பாத்தாரு. என் புல்லு எவ்வளவுக்கு வாங்கினது தெரியுமா, அள்ளுன்னாரு. கிளவுஸால அள்ளினேன். அப்புறம் அவரோட ஷூவ அதே கிளவுஸ்ல தேச்சாரு. தேச்சுட்டு, தமாஷ்டா, முகத்த ஏன் அப்படி வெச்சிருக்கன்னு கன்னத்துல தட்டினாரு.

— இந்தா, தண்ணி குடி. அதான் முடிஞ்சுபோச்சே.

— முடியலக்கா. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு. இன்னிக்கு வராத ஃப்ரெண்ட்ஸெல்லாம் பாக்கணுமாம். வரலேன்னா அகாடமிலேர்ந்து என் பையத் தூக்கி ரோட்டுல வெச்சுடுவேன்னாரு.

— வெக்கட்டும். நீ போகல.

— போகலேன்னா எனக்கு வேற என்னக்கா தெரியும்? பந்து புடிக்கத்தான் தெரியும்.

— வேற டீம் இல்லையா உலகத்துல? நீ போகல, அவ்வளவுதான். இரு, அப்பாவ எழுப்பறேன்.

— வேணாம்க்கா.

— ஏன் வேணாம்? பத்தொம்பது வருஷமா அந்தப் புல்லப் புள்ள மாதிரி பாத்துக்கறவரு. பெரியவரு இருந்தப்ப அப்பாவக் கேக்காம யாரையும் கிரவுண்டுல கால் வெக்க விட மாட்டாரு. அப்பா போயி ஒரு வார்த்தை கேட்டா அந்தாளால தலை நிமிர முடியாது.

— எழுப்பாத. உன் கால்ல விழறேன்.

— அவரு வேலை போயிடும்னு பாக்கறியா? போகட்டும்டா. என் சம்பளத்துல மூணு பேரும் கஞ்சி குடிப்போம்.

— வேலைக்காகச் சொல்லலக்கா.

— பின்ன எதுக்கு? பாவம், அவரும் சாப்பிடாமப் படுத்துட்டாரு. தோள் துண்டக் கூட பக்கெட்ல முக்கி, சோப்ப அள்ளிக் கொட்டி வெச்சிருக்காரு. அவருக்கு என்னமோ சந்தேகம் தட்டியிருக்கு, உன்கிட்டக் கேக்கத்தான் முடியல. கைய விடு. அப்பா... அப்பா...

— கூப்பிடாதக்கா. நீ கேட்டியே, பந்த யாரு எடுத்துக் குடுத்ததுன்னு.

— எவனா இருந்தா இப்ப என்ன?

— பன்னெண்டு பந்துக்கா. ஒவ்வொண்ணையும் துண்டால துடைச்சு, காத்தடிக்கிற ஓட்டை மேல இருக்கற மாதிரி வெச்சாரு.